ஆய்வேட்டைப் பிரிண்ட் எடுத்தால் பக்கம் கூடுகிறது, ஒரு இயல் முழுக்க ஆங்கில எழுத்தாக வருகிறது

பொருநை – திங்கள், இரவு 9:10

வணக்கம். நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டு பற்றிய என் ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். வீட்டு லேப்டாப்பில் வேர்டில் 212 பக்கம், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இன்று மாலை அதை பென் டிரைவில் போட்டு பாளையங்கோட்டையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே திறந்தால் 231 பக்கம் காட்டுகிறது. பொருளடக்கத்தில் இருக்கும் எண் ஒன்று, உள்ளே பக்கம் வேறு. நான்காம் இயலில் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஓடுகிறது. கவனிக்காமல் 40 பக்கம் அடித்தும் விட்டார்கள்.

அந்த நான்காம் இயல்தான் எனக்கு முக்கியம். கோவில் கொடைத் திருவிழாக்களில் புலவர்கள் பாடக் கேட்டு அப்பா கைப்பட எழுதிவைத்த வரிகள் அவை. 2009-ல் ஒரு கணினி மையத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கினார். என் லேப்டாப்பில் அது நன்றாகத் தெரிகிறது. கடையில் கேட்டால் உங்கள் கோப்பில்தான் கோளாறு என்கிறார்கள். என்ன செய்வது?

ஜங்ஷன் கடைக்காரர் – திங்கள், இரவு 9:48

தங்கச்சி, மீதிப் பக்கங்களை அடிக்கச் சொல்லாமல் முதலில் நிறுத்திவையுங்கள். இரண்டும் சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் இரண்டும் வெவ்வேறு கோளாறு.

பக்கம் கூடியதற்குக் காரணம் நீங்கள் வேர்டு கோப்பையே கொண்டுபோனது. இன்ன எழுத்துரு, இன்ன அளவு, இன்ன இடைவெளி என்ற கணக்கு மட்டும்தான் அதில் இருக்கிறது. புள்ளிக் கணக்கை மட்டும் சொல்லி அனுப்பினால் அங்கே இருப்பவர் தன் கைக்கு வந்தபடி கோலம் போடுவார், அதே கதைதான். நீங்கள் நிர்மலா எழுத்துருவில் அடித்திருந்தால், அது விண்டோஸ் 8-லிருந்துதான் கூடவே வருகிறது. கடையில் இன்னும் விண்டோஸ் 7 ஓடினால் வேர்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் லதா மாதிரி வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும் இடம் மாறும், 212 பக்கம் 231 ஆகும். கடைக்காரர் எதையும் தொட்டிருக்க மாட்டார்.

இதற்கு ஒரே வழி, உங்கள் லேப்டாப்பிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோவது. சேவ் ஆஸ் போய் வகையில் பிடிஎஃப் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அதை அடோபி ரீடரில் திறந்து கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி வரும், அதில் ஃபான்ட்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பெயர் பக்கத்திலும் எம்பெடட் என்று இருக்க வேண்டும். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றில் அந்தச் சொல் இல்லையென்றாலும் அந்த ஒன்று கடையில் காலை வாரும்.

பக்க அளவையும் பார்த்துவிடுங்கள். சில கோப்புகள் நமக்குத் தெரியாமலே லெட்டர் அளவில் இருக்கும். ஏ4 என்பது 210-க்கு 297 மில்லிமீட்டர். லெட்டர் 216-க்கு 279. லெட்டர் அகலம் கூடியது, உயரம் குறைந்தது. கடையில் ஏ4 தாளில் அடிக்கும்போது ஒன்று சுருங்கும், இல்லையென்றால் ஓரம் வெட்டுப்படும்.

நான்காம் இயலைப் பற்றி: அந்தப் பகுதியை செலக்ட் செய்து எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பாமினி என்று வரும் என நினைக்கிறேன்.

பொருநை – திங்கள், இரவு 10:05

ஆமாம் அண்ணாச்சி, பாமினி என்றுதான் இருக்கிறது. லேப்டாப்பில் அப்பா எப்போதோ அதை ஏற்றிவைத்திருக்கிறார்.

ஈய எழுத்து – செவ்வாய், காலை 5:50

அம்மா, நான் திருநெல்வேலி டவுனில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். ஈய எழுத்தில் தொடங்கி, கடைசி சில வருடம் கம்ப்யூட்டரில் பாமினியிலும் அடித்தேன். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பாமினியில் உள்ளே இருப்பது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். பாமினி ஏற்றிய கணினியில் தமிழாகத் தெரியும், ஏற்றாத கணினியில் போர்வை விலகிவிடும். நீங்கள் கடையில் பார்த்தது அதைத்தான். அப்பாவின் வரிகள் எங்கும் போய்விடவில்லை, பயப்படாதீர்கள்.

அவசரத்துக்கு, அண்ணாச்சி சொன்னபடி உங்கள் லேப்டாப்பிலேயே பிடிஎஃப் ஆக்கினால் பாமினியும் கூடவே பொதிந்து போகும், தாளில் சரியாக விழும். ஆனால் நான் அதோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்தில் மென்படியும் கேட்பார்கள், ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் ஏறும். நாளைக்கு ஒரு பிள்ளை அங்கே ‘முத்தாரம்மன்’ என்று தேடினால், பாமினியில் இருக்கும் உங்கள் நான்காம் இயலில் ஒரு இடம்கூட அகப்படாது. பார்க்கத் தமிழ், தேடினால் தமிழ் இல்லை. கேட்டு எழுதிய பாட்டு அப்படி அடைபட்டுக் கிடக்கக் கூடாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போல இலவச மாற்றிகள் இருக்கின்றன.

மாற்றியபின் என்னென்ன பிழை வரும் என்று முன்கூட்டியே சொல்கிறேன், தேடுவதற்கு வசதியாக இருக்கும். ஈய எழுத்தில் ‘கொ’ கோக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால், ஆக மூன்று எழுத்தை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்குவோம். பாமினியும் அதே வரிசைதான். யூனிகோடு அப்படி இல்லை, உச்சரிக்கும் வரிசையில் க முதலில், ஒகரக் குறி பின்னால். கன்வெர்ட்டர் இந்த வரிசையைத் திருப்பிப் போடும். தட்டச்சர் ஒழுங்காக அடித்திருந்தால் எல்லாம் சரியாக வரும். ஆனால் அந்தக் காலத்தில் காலையும் ‘ர’வையும் மாற்றி மாற்றி அடிப்பது வழக்கம், பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ‘ராமன்’ என்பதற்கு இரண்டு கால் போட்டு முடித்திருப்பார்கள். மாற்றியபின் அங்கே ஒரு புள்ளி வட்டம் வந்து நிற்கும். வட்டம் தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். தொந்தரவு எங்கேயென்றால், ‘மரம்’ கால் போட்டு அடித்திருந்தால் அது ‘மாம்’ ஆகிவிடும், வட்டம் வராது. கண்ணால் படித்துத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று ஔகாரம். ‘கௌரி’ என்று தெரியும் சொல் உள்ளே கெ, ள, ரி என்று மூன்றாகக் கிடக்கும்.

நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் கன்வெர்ட்டர் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றி உருத்தெரியாமல் ஆக்கிவிடும். அதனால் மொத்த ஆய்வேட்டையும் கொடுக்காமல், பாமினியில் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மாற்றுங்கள்.

பொருநை – செவ்வாய், இரவு 11:20

ஐயா, நீங்கள் சொன்னது சொன்னபடியே நடந்தது. 46 பக்கத்தை மாற்றினேன். புள்ளி வட்டம் 31 இடத்தில் வந்தது, எல்லாம் ‘ர’ இருக்க வேண்டிய இடம். அப்புறம் அம்மா அப்பாவின் நோட்டை வைத்துக்கொண்டு வரிவரியாக வாசிக்க, நான் திரையில் பார்த்துக்கொண்டே வந்தேன். ‘மாத்தடி’ என்று வந்த ஓர் இடத்தில் அம்மா நிறுத்தி ‘மரத்தடி’ என்றாள். அப்படி ஒன்பது இடம் கிடைத்தது. வேறு யார் படித்திருந்தாலும் அதில் பாதியைத் தவறவிட்டிருப்பார்கள்.

இப்போது ஒரு சந்தேகம். தேடும் வசதியைச் சோதிக்க ‘ஸ்ரீ’ என்று தேடினால் சில இடங்களில் கிடைக்கிறது, சில இடங்களில் கண்ணுக்கு எதிரே இருந்தும் கிடைக்கவில்லை.

ஜங்ஷன் கடைக்காரர் – புதன், காலை 8:15

அது இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று, ஸ என்ற எழுத்தில் தொடங்குவது. இன்னொன்று, யூனிகோடில் 2005-ல் சேர்ந்த ஶ என்ற எழுத்தில் தொடங்குவது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும், தேடலுக்கு மட்டும் வேறு வேறு. போனில் அடித்த பகுதியும் லேப்டாப்பில் அடித்த பகுதியும் கலந்திருக்கும். ஒன்றைக் காப்பி செய்து ரீப்ளேஸ் கொடுத்து எல்லாவற்றையும் ஸ வடிவத்துக்கே கொண்டுவாருங்கள். மிகப் பழைய எழுத்துருக்களில் ஶ கிடையாது, கட்டம்தான் விழும்.

பிரிண்டுக்குக் கொடுக்கும்போது இரண்டு விஷயம். அளவு கேட்கும் இடத்தில் ஃபிட் வேண்டாம், ஆக்சுவல் சைஸ் அல்லது 100 சதவீதம் வைக்கச் சொல்லுங்கள். ஃபிட் வைத்தால் பக்கம் சில சதவீதம் சுருங்கி, பைண்டிங்குக்காக நீங்கள் விட்ட இடது ஓரமும் மாறிப்போகும். இரண்டாவது, 212 பக்கத்தையும் ஒரே மூச்சில் அடிக்க விடாதீர்கள். முன்பக்கம், பொருளடக்கத்தில் ஒரு பக்கம், நான்காம் இயலில் ஒரு பக்கம், படம் இருக்கும் ஒரு பக்கம், ஆக நான்கு பக்கம் அடித்துக் கையில் வாங்கிப் பாருங்கள்.

வள்ளியூர்க்காரன் – புதன், காலை 9:02

இழைக்கு நடுவே கேட்பதற்கு மன்னிக்கவும். பள்ளிக்கூட வேலைக்காக வீட்டில் வைஃபை லேசர் பிரிண்டர் வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் ஆஃப்லைன் என்று காட்டுகிறது. அதற்குள் நான்கைந்து முறை பிரிண்ட் கொடுத்துவிட்டால் எல்லாம் வரிசையில் தங்கிவிடுகிறது, கேன்சல் கொடுத்தாலும் போவதில்லை. மாதாந்திர மின்தடை நாளன்று இதே பாடு.

சர்வீஸ் தம்பி – புதன், காலை 10:30

அண்ணே, கரண்ட் வந்ததும் ரவுட்டர் உங்கள் பிரிண்டருக்குப் புது ஐபி எண், அதாவது நெட்வொர்க் முகவரி, கொடுத்துவிடுகிறது. கணினி பழைய எண்ணைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ரவுட்டர் அமைப்புக்குள் போய் அந்த பிரிண்டருக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பிறகு கணினியில் பிரிண்டரை நீக்கிவிட்டு, டிசிபி/ஐபி போர்ட் என்ற வழியில் அந்த எண்ணைக் கொடுத்துத் திரும்பச் சேர்த்தால் போதும்.

வரிசையில் தங்கியதை எடுக்க, விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், அந்த வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டாப் கொடுங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டர். அதில் உள்ள கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். ஸ்பூலரை மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் வரிசை காலியாகியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மின்தடைக்குப் பயந்து லேசர் பிரிண்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். டோனர் பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் 200 டிகிரி வரைக்கும் சூடாக வேண்டும், சூடேறும்போது மின்சாரத்தை மொத்தமாக இழுக்கும். யுபிஎஸ் தாங்காது. இங்க் டேங்க் பிரிண்டர் என்றால் மாட்டலாம், அதில் அவ்வளவு இழுப்பு கிடையாது.

சாரல் ஊர் – புதன், நண்பகல் 12:10

தென்காசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சீசன் தொடங்கி சாரல் அடிக்க ஆரம்பித்தால் எங்கள் ஊரில் மெஷின் சரியாக இருந்தாலும் பேப்பர் ஜாம் ஆகும். தாள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஃபியூசர் சூட்டில் ஒரு பக்கம் காய்ந்து சுருளும், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே உள்ளே போகும், எழுத்தும் திட்டுத்திட்டாக வெளுக்கும். முதல் வருடம் இதற்காக, தாளை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலரை மாற்றிப் பணம் செலவழித்தேன், சரியாகவில்லை. இப்போது வேண்டிய அளவு தாளைத்தான் பண்டலிலிருந்து பிரிக்கிறேன், மீதியை மேலுறையோடு பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைக்கிறேன். இரவில் டிரேயில் தாள் விடுவதில்லை. ஜாம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆய்வேட்டுக்கு 70 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) வேண்டாம், 80 ஜிஎஸ்எம் பிரிக்காத பண்டலாகக் கேளுங்கள். புரட்டப் புரட்ட நிற்கும்.

பொருநை – புதன், மாலை 5:35

நான்கு பக்கம் அடித்துப் பார்த்தேன். பக்க எண்கள் பொருந்திவிட்டன, 212-தான். ஆனால் இரண்டு கோளாறு. திரையில் பிடிஎஃப் சரியாகத் தெரிகிறது, தாளில் மட்டும் சில கொம்புகள் விலகி அடுத்த எழுத்தின் மேல் விழுந்திருக்கின்றன. அப்புறம், ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரமாக ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு இடத்தில்.

சர்வீஸ் தம்பி – புதன், மாலை 5:50

அக்கா, முதலாவது டிரைவர் செய்யும் வேலை. பிடிஎஃபில் உள்ள எழுத்துருவை பிரிண்டரின் மொழிக்கு மாற்றும்போது குறிகள் நிற்க வேண்டிய இடத்தைத் தவறவிடுகிறது. ரீடரில் பிரிண்ட் பெட்டியில் அட்வான்ஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதற்குள் பிரிண்ட் ஆஸ் இமேஜ் என்பதை டிக் செய்யச் சொல்லுங்கள். குரோமிலும் அதே பெயரில் இருக்கிறது. பக்கத்தைப் படமாக்கி அனுப்புவதால் திரையில் தெரிவது அப்படியே விழும். கொஞ்சம் மெதுவாக அடிக்கும், அவ்வளவுதான். டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி) கேட்டால் 600 கொடுங்கள், 300-ல் தமிழின் சின்னச் சுழிகள் மழுங்கும்.

புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளந்து சொல்ல முடியுமா?

பொருநை – புதன், மாலை 6:02

ஏழரை சென்டிமீட்டர். எல்லா இடைவெளியும் அதேதான்.

சர்வீஸ் தம்பி – புதன், மாலை 6:10

அப்படியென்றால் கோளாறு டிரம்மில், பொடியைத் தாளுக்குக் கொண்டுவரும் உருளை அது. சின்ன லேசர் பிரிண்டர்களில் டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர் இருப்பது சகஜம், ஒரு முழுச் சுற்று 75 மில்லிமீட்டர். டிரம்மில் ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி குத்தும், ஏ4 நீளத்துக்கு நாலு. ரோலர் ஒவ்வொன்றுக்கும் சுற்றளவு வேறு என்பதால் இடைவெளியை அளந்தாலே குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். கடையில் வேறு கார்ட்ரிட்ஜ் மாற்றி அடிக்கச் சொல்லுங்கள். ரீஃபில் போடும்போது பொடியை மட்டும் நிரப்பி, டிரம்மையும் அதைத் துடைக்கும் பிளேடையும் பார்க்காமல் விட்டால் இப்படித்தான் வரும். மேலிருந்து கீழே விடாமல் கறுப்புக் கோடு இழுத்தால் பெரும்பாலும் பிளேடு. கையால் தேய்த்தால் எழுத்து அழிந்தால் ஃபியூசரில் டெஃப்லான் பூச்சு போயிருக்கும்.

சேவை மைய அக்கா – புதன், இரவு 8:40

சேரன்மகாதேவிப் பக்கம் சேவை மையம் நடத்துகிறேன். பின்னிணைப்பில் களப் படங்கள் இருக்குமே, அவற்றை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கியிருந்தால் தாளில் மங்கும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். ஏ4 முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐ வேண்டுமென்றால் 2480-க்கு 3508 பிக்சல் தேவை. அனுப்பியவரிடமே டாகுமெண்டாகத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள், மூலப்படம் அப்படியே வரும்.

ஒப்படைக்கும்போது ஆதார் நகல் கேட்பார்கள். இ-ஆதார் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. கையொப்பத்தின் மேல் கேள்விக்குறியோடு பிரிண்ட் வந்தால் சான்று செல்லாது என்று பலர் பதறிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் கணினி அந்தக் கையொப்பத்தை இன்னும் சரிபார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள். உலாவியில் திறந்தால் சரிபார்க்காது. ரீடரில் திறந்து, கையொப்பத்தின் மேல் வலது கிளிக் செய்து, அதன் விவரத்துக்குள் போய் சான்றிதழை நம்பகமான பட்டியலில் சேர்த்துச் சரிபார்க்கச் சொன்னால் பச்சை டிக் வரும். அப்புறம் பிரிண்ட் எடுங்கள். கடைக் கணினியில் எடுத்தால் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் யாரென்று நமக்குத் தெரியாது.

ஆய்வேட்டை லேசரில்தான் அடியுங்கள். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் ஜனங்கள் நனைந்த காகிதக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மையத்துக்கு வந்தார்கள். இங்க்ஜெட்டில் அடித்தவை நீலமும் சிவப்புமாகக் கரைந்து போயிருந்தன. லேசரில் அடித்ததைக் காயவைத்து வாசிக்க முடிந்தது.

ஈய எழுத்து – புதன், இரவு 9:30

அம்மா, நாளை அடித்ததும் பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒரு படியைத் தாள் தாளாகப் புரட்டி எண்ணிவிடுங்கள். இரண்டு தாள் சேர்ந்து போயிருந்தால் நடுவில் ஒரு வெற்றுத்தாள் வந்திருக்கும். பைண்டிங் முடிந்தபின் தெரிந்தால் அந்தப் படி முழுவதும் வீண்.

பொருநை – வியாழன், மாலை 4:45

காலையில் வேறு கடையில், வேறு கார்ட்ரிட்ஜில், பிரிண்ட் ஆஸ் இமேஜ் போட்டு அடித்தோம். புள்ளி இல்லை, கொம்புகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஐந்து படி எடுத்தேன். ஐயா சொன்னபடி எண்ணினேன். மூன்றாவது படியில் 118-க்கும் 119-க்கும் நடுவே ஒரு வெற்றுத்தாள் இருந்தது, எடுத்துவிட்டேன். ஐந்தும் பைண்டிங்குக்குப் போயிருக்கின்றன, இரவு எட்டு மணிக்குத் தருவதாகச் சொன்னார்கள்.

மென்படியைத் திறந்து ‘முத்தாரம்மன்’ என்று தேடிப் பார்த்தேன். நான்காம் இயலில் மட்டும் 17 இடத்தில் கிடைத்தது.